சௌல்தாரிக் கல்யாணத்துக்காக நான் வாங்கிய கோல்கள்

எங்கள் ஜங்லிகாட் தெருப் பையன்கள் இரண்டு பேர் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று எங்கள் தீவில் புதிதாகக் கால்பந்து கிளப் ஆரம்பிக்கிறதாம், இவர்கள் அதில் சேரப் போகிறார்களாம். தொடக்க விழா மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "நீங்களும் புரொபஷனலா ஆடினவர்தானே மாமா, உங்க காலத்துல காண்ட்ராக்ட் எல்லாம் எப்படி?" என்று ஒருவன் கேட்டான்.

"திங்கட்கிழமை பிலோமி அக்கா வீட்டில் மீன் குழம்பு. செவ்வாய்க்கிழமை அப்பளம்மா வீட்டில் புளிச்சகீரையும் கருவாடும். புதன்கிழமை மலையாளி வீட்டில் கப்பைக்கிழங்கு" என்றேன்.

சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை. அதுதான் என் ஒப்பந்தம். பகலில் படகுப் பட்டறையில் மஸ்டர் ரோல் வேலை, அதாவது தினக்கூலி. சாயங்காலம் கிளப்புக்கு ஆட்டம். அதற்குக் கூலி மூன்று வேளைச் சாப்பாடு, கிழமைக்கு ஒரு வீடு. கிளப்பிடம் பணம் கிடையாது, தெருவிடம் சோறு இருந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று எல்லா வீட்டு அடுப்பும் முறை வைத்து எங்களுக்காக எரிந்தது. இதில் ஒரே ஒரு தொந்தரவு. சோறு போட்டவர்கள் எல்லாருக்கும் திட்டுகிற உரிமையும் இருந்தது. மெயின்லேண்ட் ஆட்டக்காரனை முதலாளி ஒருவன்தான் திட்டுவான். என்னை இந்தியும் சேர்த்து ஐந்து பாஷையில் திட்டினார்கள். மற்ற டீம்காரர்கள் எங்களை 'மச்லி டீம்', மீன் டீம் என்று கேலி செய்தார்கள். நாங்களும் அதையே பெயராக வைத்துக்கொண்டோம். வேறு பெயர் யோசிக்கும் வேலை மிச்சம்.

நான் அந்த டீமுக்குள் வந்த கதையைச் சொன்னால் உங்களுக்கு என் ஆட்டத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வந்துவிடும். வரட்டும்.

அறுபதுகளில் இங்கே புது ஆட்டக்காரன் வேண்டுமென்றால் கப்பலில்தான் வர வேண்டும். மெட்ராஸ் கப்பல் வருகிற அன்று எங்கள் கிளப் செயலாளர் சூசை மேஸ்திரி கப்பல் கட்டும் துறைக்கு, ஜெட்டிக்குப் போய்விடுவார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், படகுப் பட்டறையில் தலைமை மேஸ்திரி. கையில் எப்போதும் சுருட்டிய குடை. கப்பல் ஏணி தரையைத் தொடுகிற இடத்துக்கு அருகே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொள்வார். இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "மூஞ்சி பொய் சொல்லும்" என்பார். காலைத்தான் பார்ப்பார். முதலில் கெண்டைக்கால் சதை, பிறகு கணுக்காலில் தழும்பு, கடைசியாகப் பெருவிரல் நகம். வெறுங்காலில் பந்தாடுகிறவனுக்குப் பெருவிரல் நகம் கறுத்துச் செத்திருக்கும். மூன்றும் இருந்தால் குடை நீளும், அந்தக் காலுக்குக் குறுக்கே. கால் நிற்கும். அதற்குப் பிறகுதான் அண்ணாந்து முகத்தைப் பார்ப்பார்.

என் மாமா ஜங்லிகாட்டில் டீக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒத்தாசையாக இருக்க நான் கப்பலேறி வந்தேன். கடல் கொண்டாடிய கொண்டாட்டத்தில் வழி முழுக்க வாந்தி. நடுவில் பக்கத்துப் படுக்கைக்காரரின் டிரங்குப் பெட்டி சரிந்து என் பெருவிரல் மேல் விழுந்து நகம் கன்றிப் போயிற்று. ஜெட்டியில் இறங்கும்போது பூமி ஆடிக்கொண்டிருந்ததால் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தேன். மேஸ்திரி பார்த்தார். செத்த நகம், அகன்ற நடை, எங்கும் தயங்கி நிற்காத அலட்சியம். நின்றால் மறுபடி வாந்தி வரும் என்பது எனக்கல்லவா தெரியும்? குடை நீண்டது.

"எந்த எடம்?" என்றார்.

அவர் கேட்டது மைதானத்தில் நான் ஆடும் இடத்தை. நான் அதை எங்கே கண்டேன்? எனக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. "எங்கேயானாலும் சரி" என்றேன். "எல்லா இடத்திலயும் ஆடுவானாம்லே" என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, நேரே பிலோமி அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட வைத்துவிட்டார்.

மறுநாள் மைதானத்தில் உண்மை வெளியே வந்தது. நான் உதைத்தால் பந்தைவிட மண் தூரமாகப் போயிற்று. ஆனால் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் வீட்டில் கை நனைத்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. மேஸ்திரி கொஞ்ச நேரம் குடையால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு, "உயரமா இருக்கான். கோல்ல நிக்கட்டும். பந்து மேல படுற நாள்ல தடுத்திரும்" என்றார். அப்படித்தான் நான் கோல்கீப்பர் ஆனேன்.

அடுத்த சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்தது, கோல் வாங்கினேன். மழை விட்டது, அப்போதும் வாங்கினேன்.

மேஸ்திரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் வீராவேசமாகப் பேசுகிற வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்துத் தோல் பந்து, செருப்பு மாதிரி வாரால் வாய் கட்டியிருக்கும். நம் ஊர் மழையில் ஊறினால் பலாப்பழம்தான். அதனால் முந்தின நாளே சுறா எண்ணெயைச் சுடவைத்து, தையல் தையலாகத் துணியால் தேய்த்து, நிழலில் காயவைத்து, மறுபடி தேய்ப்பார். பந்தில் தண்ணீர் ஏறாது. ஆனால் தெரு நாய்கள் அத்தனையும் அந்த வாசனைக்கு மைதானத்துக்கு வந்துவிடும். எங்கள் மைதானத்தில் ஆட வருகிற டீம்கள் எங்களுக்குப் பயந்ததில்லை, நாய்களுக்குப் பயந்தன. அதனாலேயே சில ஆட்டங்களை ஜெயித்திருக்கிறோம்.

சந்தோஷமாக இருந்தால் மேஸ்திரி 'ஏலே' என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். 'வாங்க', 'உக்காருங்க' என்று அவர் ஆரம்பித்தால் பட்டறையே நடுங்கும்.

எங்கள் டீமில் நிஜமான ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். நித்தாய். சௌல்தாரியில் சர்க்கார் நிலம் கொடுத்துக் குடியேற்றிய வங்காளக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன்கள் நிறைய, நிலம் குறைவு, அதனால் பட்டறைக்கு மஸ்டர் ரோலில் வந்தவன். ஒல்லியான உடம்பு. பந்தை அடிக்கும்போது மட்டும் அந்த உடம்புக்குள் இன்னொருவன் இருப்பான். தினமும் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நானும் அவனும் மட்டும் இருட்டும்வரை ஆடுவோம். அவன் அடிப்பான், நான் பொறுக்கி வருவேன். 'பொறுக்கி' என்பதுதான் அங்கே சரியான வார்த்தை.

நித்தாய்க்கு சௌல்தாரியில் ஒரு பெண் இருந்தாள், மாலதி. இருவருக்கும் சம்மதம். அவள் அப்பா ஹரிபதோ பாபுவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை பர்மனென்ட் வேலையில் இருக்க வேண்டும். "மஸ்டர் ரோல்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தால், பெண்ணையும் தினக்கூலிக்கா அனுப்புவது?" என்று கேட்டார். தப்பு சொல்ல முடியாது. அந்த வருஷத்துக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தயாராக இருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய இலாகா புதிதாக டீம் சேர்த்து, எங்களோடு இரண்டாம் டிவிஷனில் ஆட வந்தது. இலாகாவின் பெயர் வேண்டாம். அதன் அதிகாரி, எல்லாரும் 'சாப்' என்று கூப்பிடும் பெரிய மீசைக்காரர், நித்தாயைப் பார்த்துவிட்டார். டெம்பரரியாக எடுத்துக்கொள்கிறேன், நன்றாக ஆடினால் பர்மனென்ட் என்றார். சீசன் பாதியில் அவன் போய்விட்டால் நாங்கள் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்குவது நிச்சயம். தெரு கூடியது. யார் முதலில் பேசுவது என்று எல்லாரும் மேஸ்திரியின் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கும் அப்பளம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "ஜானே தோ, போகட்டும். டீம் கீழே போனா மேலே வரும். பொண்ணு போனா வருமா?" என்றாள். கூட்டம் கலைந்தது.

நித்தாய் போனான். ஆனால் சாப்பாட்டுக்கு எங்களிடமே வந்தான். அந்த இலாகாவில் சம்பளம் உண்டு, செவ்வாய்க்கிழமை கருவாடு கிடையாது.

அவன் அங்கே கோல் மேல் கோல் போட்டான். இருந்தும் சாப் ஆர்டரில் கையெழுத்துப் போடவில்லை. யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள்: ஜங்லிகாட்காரன் எங்கே போனாலும் ஜங்லிகாட்காரன்தான், தெருவுக்கு எதிராக அவன் கால் எழும்பாது என்று. சாப் அவனைக் கூப்பிட்டு, "மச்லி டீமுக்கு எதிரே கோல் போட்டுக் காட்டு. ஆர்டர் தருகிறேன்" என்றார்.

எங்களுக்கு டிவிஷனில் தங்க அந்த ஆட்டத்தில் டிரா போதும். தெருப் பெண்கள் கணக்குப் போட்டார்கள். நமக்கு ஒரு கோல், நித்தாய்க்கு ஒரு கோல், டிரா. நாமும் தங்குவோம், அவனுக்கும் கல்யாணம். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஆண்கள் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஆட்டத்தன்று மரைன் ஹில் பக்கத்திலிருந்துகூட ஜனம் வந்திருந்தது. ஹரிபதோ பாபு மகளோடு வந்து, எங்கள் தெருப் பெண்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்திலேயே நாங்கள் அடித்த பந்து அவர்கள் கோல் முன்னாலிருந்த சேற்றுக் குழியில் நின்றுவிட்டது. அவர்களுடைய கீப்பர் நாயைப் பார்க்க, எங்கள் ஆள் பந்தைப் பார்த்து உள்ளே தள்ளிவிட்டான். பாதித் திட்டம் முடிந்தது. மீதித் திட்டம் நான்.

நான் வேண்டுமென்று விடுவதாக இல்லை. அப்படிச் செய்தால் மேஸ்திரி என்னை 'வாங்க' என்று கூப்பிடுவார். ஆனால் விடுவதற்கு நான் தனியாக முயற்சி செய்ய வேண்டியதில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

நித்தாய் முதல் பந்தை அடித்தான். கையில் விழுந்தது. என் கையில்தான். எனக்கே ஆச்சரியம். அடுத்தது காலில் பட்டு வெளியே போயிற்று. அதற்கடுத்தது, நான் தாவிய பக்கமே வந்தது. பிறகுதான் என்ன நடக்கிறது என்று புரிந்தது. அவன் இடது தோளை இறக்கினால் பந்து வலது மூலைக்கு வரும். அடிப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தால் தரையோடு வரும். இத்தனை வருஷ சாயங்காலங்களில் என் மூளைக்கு ஒன்றும் ஏறவில்லை. உடம்புக்கு ஏறியிருந்தது. உடம்பு என்னைக் கேட்காமலே போய்ப் போய்த் தடுத்தது.

"ஏலே லூர்து, என்னலே பண்ணுத! கைய மடக்குலே!" என்று பிலோமி அக்கா கத்தினாள்.

"சோட் தே ரே, விட்டுடு! என் கருவாட்டைத் தின்னுட்டு இன்னைக்குத்தான் உனக்கு வீரம் வந்ததா?" என்றாள் அப்பளம்மா.

சொந்தத் தெருவே தன் கோல்கீப்பரைப் பிடிக்காதே பிடிக்காதே என்று திட்டிய ஆட்டம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் பின்வரிசை ஆட்கள்கூட என்னை முறைத்தார்கள். கடைசியில் நித்தாய் மிக அருகிலிருந்து ஒன்று அடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது நெஞ்சில் வந்து மோதி நின்றது. விசில் ஊதினார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம். மைதானத்தில் ஒருத்தர் கை தட்டவில்லை.

நித்தாய் அதே இடத்தில் குந்திவிட்டான். மாலதி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆஜ் ஹீ, பய்யா?" என்றாள். இன்னைக்கேதானா அண்ணா? அந்த ஒரு கேள்விக்கு, வாங்கிய கோல் அத்தனையும் தேவலை.

சாப் நேராக என்னிடம் வந்தார். முதுகில் தட்டினார். "இப்படி ஒரு கீப்பரை நான் பார்த்ததில்லை. நாளையிலிருந்து என்னிடம் வா. பர்மனென்ட்" என்றார்.

நானும் மஸ்டர் ரோல்தான். டீக்கடை மாமா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "சரின்னு சொல்லுலே, சரின்னு சொல்லு!" என்று குதித்தார்.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "சாப், அந்தப் பையன்?" என்றார், நித்தாயைக் காட்டி.

"ஒரு கோல்கூட அடிக்கவில்லையே."

"இவன் நின்றதால் அடிக்க முடியவில்லை. இவன் வேறு யார் பந்தையும் பிடிக்க மாட்டான். தினமும் அவனோடேயே ஆடி, அவன் அடிப்பது மட்டும் இவனுக்கு மனப்பாடம். மற்றபடி இவன் ரொம்ப மோசமான கோல்கீப்பர்."

சாப் நம்பவில்லை. நல்ல ஆளை விடாமல் வைத்துக்கொள்ள மேஸ்திரி தந்திரம் செய்கிறார் என்று நினைத்தார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "லூர்துசாமி அவர்களே, நீங்களே சொல்லுங்க" என்றார்.

மரியாதை உச்சத்தில் இருந்தது. நான் என்ன செய்வேன்? "ஜீ சாப், நான் ரொம்ப மோசம்" என்றேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாப் மீசையைத் தடவினார். "சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன். மேஸ்திரி சொல்வது நிஜம் என்றால் திங்கட்கிழமை பையனுக்கு ஆர்டர். இவன் நன்றாகப் பிடித்தால் இவனை எடுத்துக்கொள்வேன், பையன் திரும்பிப் பட்டறைக்குப் போகலாம்."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், பிடித்துவிடாதே என்று அறிவுரை. பிலோமி அக்கா அதற்குப் பதிலாக மீனின் நடுத்துண்டை எனக்கு வைத்தாள். அது சொன்னது போதாதா? மாமா மட்டும் டீ ஆற்றுகிற ஒவ்வொரு தடவையும் "பர்மனென்ட்டுல, பர்மனென்ட்டு" என்று சேர்த்து ஆற்றினார்.

சனிக்கிழமை நித்தாய் என்னைப் பட்டறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "லூர்து பாய், நாளைக்கு நீ பிடி. நிஜமாப் பிடி."

"உனக்குப் பைத்தியமா?"

"நீ எனக்காக விட்டால், அந்த வேலையில் தினமும் காலையில் எப்படிப் போய் உட்காருவேன்? நீ ஜெயித்தால் உனக்கு வேலை. காளி மேல் கை வைத்துச் சொல்லு, முழுசா ஆடுவேன்னு."

நான் கிறிஸ்தவன். காளிக்குப் பதிலாக வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். முழு பலத்தோடு ஆடுவேன் என்று. மாதா மேல் சத்தியம், மாமாவின் கண்ணீர், எனக்கே உள்ளூர இருந்த ஆசை எல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை நான் கோலில் நின்றபோது என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு பந்தையும் விடக் கூடாது என்று நிஜமாகவே தீர்மானித்திருந்தேன். எதிரே ஆடியவர்கள் அட்டவணையின் அடியில் கிடந்த டீம். ஜெட்டியில் மூட்டை இறக்கிவிட்டு அப்படியே வந்தவர்கள். சாப் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பந்து மெதுவாக உருண்டு வந்தது. குனிந்தேன். நான் குனிந்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்ததற்கு முன்கூட்டியே தாவினேன். பந்து தாவாத பக்கம் போயிற்று. பிறகு ஒன்றை அழகாகப் பிடித்தேன், பிடித்த வேகத்தில் கோட்டுக்கு உள்ளே நடந்துவிட்டேன். நான் பல்லைக் கடித்தேன், முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன், சேற்றில் புரண்டேன். எதிரிகளே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மெதுவாக அடிக்க ஆரம்பித்தார்கள். அதுவும் போயிற்று. நல்ல வேளை, நாங்கள் ஏற்கெனவே டிவிஷனில் தங்கியிருந்தோம்.

சாப் இடைவேளை வரைகூட உட்காரவில்லை. ஜீப்பில் ஏறும்போது மேஸ்திரியிடம், "மன்னியுங்கள், நீங்கள் குறைத்துத்தான் சொல்லியிருந்தீர்கள்" என்றாராம்.

திங்கட்கிழமை நித்தாய்க்கு ஆர்டர் வந்தது. எனக்கு நிரந்தரம் பட்டறையிலேயே வந்தது, என் முறை வந்தபோது, தலையில் நரை வந்த பிறகு. அங்கேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன்.

கல்யாணம் சௌல்தாரியில். தெருவே லாரியில் ஏறிப் போயிற்று. ஹரிபதோ பாபு என்னைப் பந்தல் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தன் வேலையையே விட்டுக்கொடுத்த உத்தமன் என்று சொந்தக்காரர்களிடம் அறிமுகப்படுத்தினார். மாலதி காலில் விழப் போனாள்.

நித்தாய் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சத்தியம் பண்ணினியே பாய்" என்றான் வருத்தமாக.

"சத்தியமா முழு பலத்தோடதான்டா ஆடினேன்" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியது. "எனக்காக விட்டதைக்கூட நீ ஒத்துக்க மாட்டே" என்றான்.

மேஸ்திரியிடம் போய், நீங்களாவது இவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு அடக்கம் பாரு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்று நான் நிஜமாகவே பிடிக்கத்தான் பார்த்தேன் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.